துறையில் உறவினர் எவருமில்லை

வடகாட்டுப்பட்டி,
4 ஜனவரி 2024

அன்புத் தங்கச்சி வாணிக்கு,

அண்ணன் சங்கிலி எழுதுகிறேன். நானும் உன் மதினி பாண்டீஸ்வரியும் சித்தார்த்தும் சுகம். சென்னைக்கு மாற்றலாகிப் போனதிலிருந்து உனக்கு ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, போன மாதம் இருந்த இருமல் போய்விட்டதா என்று எழுது. ஆனையூரில் மாப்பிள்ளையும் உன் மகள் பவதாரிணியும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். காது இப்போது சுத்தமாகப் போய்விட்டது. திருமங்கலத்து டாக்டர் ‘இரண்டுமே’ என்று சீட்டில் எழுதிக் காட்டினார். இருபத்தைந்து வருஷமாகக் கான்கிரீட் மிக்சருக்கும் வைப்ரேட்டருக்கும் பக்கத்தில் நின்ற காதுகள். மெசேஜ் அனுப்பலாம்தான். ஆனால் போன் எப்போதும் சித்தார்த்திடம் இருக்கிறது, டெண்டருக்கான ஓ.டி.பி. எல்லாம் அதில்தான் வரும். உனக்கு எழுதுவதை என் மகன் படிக்க வேண்டாமென்று இருக்கிறது.

பயப்படாதே. சத்தம் இல்லாத உலகம் அப்படியொன்றும் மோசமில்லை. காலையில் பனி இறங்கியிருக்கும்போது நெடுஞ்சாலையைப் பார்த்தால் லாரிகள் தண்ணீருக்கு அடியில் போவதுபோல் மிதந்து போகின்றன. மயில் கழுத்தை நீட்டி வாயைத் திறக்கிறது, மூடுகிறது. எல்லாமே எப்போதோ கண்ட கனவை மறுபடி பார்ப்பதுபோல் இருக்கிறது.

எழுத வந்த செய்தி வேறு. நம் உப்போடைக்குப் பாலம் வருகிறது. தண்ணீர் போகப் பத்து மீட்டரில் மூன்று கண். டெண்டர் அறிவிப்பு வந்துவிட்டது. இத்தனை காலம் மற்றவர்கள் எடுத்த வேலையை உள்குத்தகைக்கு வாங்கிச் செய்தேன். இதற்கு என் பெயரிலேயே போடப்போகிறேன். போன வருஷம் காண்ட்ராக்டர் பதிவை உயர்த்தி வாங்கியது எதற்கு என்று இப்போதுதான் தெரிகிறது.

சித்தார்த் வரைபடங்களை அச்செடுத்து வந்தான். தரையில் விரித்துவைத்துச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு அழகு. வரைந்தவருக்கு நம் ஓடை தெரிந்திருக்க வேண்டும். கரை மண்ணைத் தாங்கும் இடது பக்கச் சிறகுச்சுவரை ஒரு முழம் வளைத்துப் புங்கமரத்தைத் தப்பவிட்டிருக்கிறார்கள். துணி துவைக்கும் கல்லுக்கு இறங்க நாலு படிகூட இருக்கிறது.

பொங்கலுக்கு வந்தால் காட்டுகிறேன்.

உன் அண்ணன்,
சங்கிலி

&nbsp;

சென்னை,
19 ஜனவரி 2024

அண்ணனுக்கு, வாணியின் வணக்கம்.

இருமல் நின்றுவிட்டது. உங்கள் காதைப் பற்றிப் படித்துவிட்டு அன்றைக்கு முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. மதுரைப் பெரியாஸ்பத்திரியில் மறுபடி ஒரு தடவை காட்டுங்கள். கருவி வைத்தால் கொஞ்சமாவது கேட்கும் என்று இங்கே தோழி ஒருத்தி சொல்கிறாள்.

பொங்கலுக்கு ஊருக்கு வர முடியவில்லை. ஆனையூரில் இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். லீவு கிடைக்கவில்லை. பவதாரிணி செவந்திப்பூ கேட்டு அடம்பிடித்தாள், செல்லூர்ப் பக்கம் போய் வாங்கி வந்தோம். அங்கே ஆற்றுப் பாலத்துக்கு இந்தக் கரையில் நின்றபடி உங்கள் வீடு இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து என்ன தெரியப்போகிறது.

டெண்டரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். படிவத்தில் எல்லாக் கட்டத்தையும் நீங்களே படித்து நிரப்புங்கள். சித்தார்த் அவசரக்காரன்.

மதினியை விசாரித்ததாகச் சொல்லுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் தங்கை,
வாணி

&nbsp;

வடகாட்டுப்பட்டி,
2 பிப்ரவரி 2024

அன்பு வாணி,

உன் கடிதம் வந்தது. உடம்பு தேறியது அறிந்து நிம்மதி. இங்கே பாண்டீஸ்வரிக்குத்தான் முழங்கால் வலி. தைலம் போடுகிறாள், குறையவில்லை.

போன செவ்வாய்க்கிழமை செல்வக்குமார் வீட்டுக்கு வந்தார். திருமங்கலத்தில் பெரிய காண்ட்ராக்டர், உனக்கும் தெரிந்திருக்கும். நான் எட்டு வருஷம் அவரிடம்தான் உள்குத்தகை பார்த்தேன். ஒரு கூடை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசினார். நான் தலையாட்டிக்கொண்டே அவர் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான், “காது கேக்காதுங்க, எழுதிக் காட்டுங்க” என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. சித்தார்த்தின் பழைய நோட்டை எடுத்து நிதானமாக, அழுத்தி எழுதினார். நான் படித்து முடித்ததும் அந்தத் தாளைக் கிழித்து மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

என்ன எழுதினார் என்பதை உனக்குச் சொல்லப்போவதில்லை. டெண்டர் விடுகிற துறையிலேயே நீ வேலை பார்க்கிறாய். தெரிந்தால் உனக்குத்தான் பாரம்.

“நான் நேரா போட்டுக்கிறேங்க” என்று மட்டும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவர் கிளம்புமுன் பாண்டீஸ்வரி பழக்கூடையை எடுத்துப்போய் அவர் கார் டிக்கியிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

தினமும் காலையில் ஓடைக்குப் போகிறேன். மணலில் நின்று பார்த்தால் மேலே பாலம் இருப்பதுபோலவே இருக்கிறது. நேற்று அதன் நிழலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆடு மேய்க்கிற காசிமாயன், “வெயில்ல உக்காந்து என்னண்ணே செய்யுறீக” என்று கையாலேயே கேட்டான். நான் மேலே கையைக் காட்டினேன்.

உன் அண்ணன்,
சங்கிலி

&nbsp;

சென்னை,
10 பிப்ரவரி 2024

அண்ணே,

உங்கள் எல்லாருடைய சுகத்துக்கும் வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். மதினியின் முழங்காலுக்கு ஒரு பட்டை வாங்கித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். காலையில் எழுந்ததும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

செல்வக்குமார் வந்தால் இனித் தனியாகப் பேசாதீர்கள். இதற்குமேல் நான் எதுவும் எழுதக் கூடாது.

எனக்கும் ஒரு கனவு வந்தது. பென்சிலால் வரைந்த பாலம் ஒன்றில் நடந்துபோகிறேன். கால் வைத்த இடமெல்லாம் கோடு அழிகிறது. திரும்பிப் பார்த்தால் வந்த வழி வெறும் வெள்ளைத்தாளாக இருக்கிறது. எதிர்க்கரையில் நீங்கள் நிற்கிறீர்கள். கூப்பிட்டால் உங்களுக்குக் கேட்காது என்பது கனவிலும் எனக்குத் தெரிந்திருக்கிறது.

வாணி

&nbsp;

வடகாட்டுப்பட்டி,
26 பிப்ரவரி 2024

அன்பு வாணி,

முழங்கால் பட்டை வந்தது. உன் மதினி அதைப் போட்டுக்கொண்டு புதுச்சேலை கட்டியவள் மாதிரி நடக்கிறாள். நாங்கள் நலம். பவதாரிணிக்குப் பரீட்சை நெருங்குகிறது, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

டெண்டர் போட்டாகிவிட்டது. திருமங்கலம் கம்ப்யூட்டர் சென்டரில் சித்தார்த் உட்கார்ந்து ஏற்றினான், நான் பின்னால் நின்றேன். கடைசியில் திரை பச்சையானது. என் தோளில் சாய்ந்துகொண்டான். சின்னப்பிள்ளையில் சாய்ந்தது, அதற்குப் பிறகு இப்போதுதான்.

இரண்டு உறைகள். முதலில் தகுதி உறை. அதில் தேறியவர்களுக்குத்தான் விலை உறையைத் திறப்பார்கள். முதல் உறையைத் திறந்துவிட்டார்கள். நான், செல்வக்குமார், இன்னும் இரண்டு பேர். மொத்தம் நாலு. விலையில் எனக்குப் பயமில்லை. ஒவ்வொரு மூட்டை சிமெண்டையும் மனதுக்குள் நானே தூக்கிப் பார்த்துத்தான் போட்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஆனையூருக்கு வந்திருந்ததாகப் பவதாரிணி சித்தார்த்திடம் சொன்னாளாம். இங்கேயிருந்து ஒன்றரை மணி நேரம்தான். வேலை இருந்திருக்கும்.

உன் அண்ணன்,
சங்கிலி

&nbsp;

வடகாட்டுப்பட்டி,
13 மார்ச் 2024

வாணிக்கு,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். சென்ற கடிதத்துக்குப் பதில் இல்லை.

முதல் உறையிலேயே என்னைத் தள்ளிவிட்டார்கள். காரணம் ஒரு வரி: “துறையில் நெருங்கிய உறவினர் பணியாற்றுவதை மறைத்து உறுதிமொழி அளித்தது.”

சித்தார்த் அதைப் படித்துவிட்டு, “அத்தையப் பத்தி அவங்களுக்கு யாரு சொன்னா?” என்று சிலேட்டில் எழுதிக் கேட்டான். நான் சிலேட்டை அழித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

சங்கிலி

&nbsp;

சென்னை,
20 மார்ச் 2024

அண்ணே,

நான்தான் சொன்னேன்.

உங்கள் உடம்பை விசாரிக்கக்கூட எனக்கு இப்போது தகுதியில்லை. ஆனாலும் கேட்கிறேன். சாப்பிடுகிறீர்களா?

அந்தப் பாலத்தை வரைந்தது நான். ஒரு வருஷத்துக்கு முன் கோப்பு என் மேசைக்கு வந்தபோது ஊர்ப்பெயரைப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போய் நின்றேன். யாரிடமும் சொல்லவில்லை. நம் ஊர் ஓடையை வேறொருவர் வரைந்துவிடக் கூடாது என்று ஆசை. வெள்ள மட்டத்தை எங்கே வைப்பது என்பதற்குப் பதிவேட்டில் ஒரு கணக்கு இருந்தது. நான் அதைவிட ஒன்றரை அடி உயர்த்தினேன். 2003 ஐப்பசியில் மதினிக்கு வலி கண்டு அந்தக் கரையில் நாம் பகல் முழுக்க நின்றோமே, அன்றைக்குத் தண்ணீர் புங்கமரத்தின் கவட்டை வரை வந்தது. அந்தப் பிள்ளை உயிரோடு இருந்தால் அதற்கு இப்போது இருபது வயது. அந்தக் கவட்டையை அளவாக வைத்துத்தான் கோடு போட்டேன்.

உங்கள் ஜனவரிக் கடிதம் ஒன்பதாம் தேதி கிடைத்தது. அன்று மாலையே என் மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்தேன்: ‘என் உடன்பிறந்த அண்ணன் இந்த வேலைக்கு டெண்டர் போட இருக்கிறார். இந்தக் கோப்பிலிருந்து என்னை விடுவியுங்கள்.’ விடுவித்தார்கள். ‘முடிவு தெரியும்வரை அவரிடம் இதைப் பற்றிப் பேசாதே, பார்க்காமலிருப்பது இன்னும் நல்லது’ என்றார்கள். ஆனையூர் வரை வந்து திரும்பியது அதனால்தான்.

நான் விலகிவிட்டதால், படிவத்தில் நீங்கள் ‘உண்டு’ என்று நிரப்பினால் பரிசீலிக்க வழி இருந்தது. அதைச் சொல்லவும் எனக்கு அனுமதியில்லை. கட்டங்களை நீங்களே படியுங்கள் என்று ஒரே ஒரு வரி எழுதினேன். அதுவே தப்போ என்று பல நாள் யோசித்தேன். சித்தார்த் கவனிக்காமல் ‘இல்லை’ என்று போட்டுவிட்டான் போலிருக்கிறது. அவனைத் திட்டாதீர்கள்.

என்னைத் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

வாணி

&nbsp;

சென்னை,
12 மே 2024

அண்ணே,

நலமா? இது நான் போடும் மூன்றாவது கடிதம். சித்தார்த்துக்குப் போன் செய்தால், “அப்பா நல்லா இருக்காக அத்தை” என்பதற்குமேல் ஒரு சொல் பேசமாட்டேன் என்கிறான். நேரில் வரலாமா என்று கேட்டதற்கு, “இப்ப வேணாம்” என்றான்.

இங்கே வெயில். ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம் பூத்துக் கொட்டுகிறது. தபால்காரர் வரும் நேரத்துக்கு நான் மாடிப்படியில் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து, அவரே தூரத்திலிருந்து கையை விரித்துக் காட்டிவிடுகிறார்.

வாணி

&nbsp;

வடகாட்டுப்பட்டி,
21 ஜூலை 2024

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். எல்லாரும் சுகம். நாலு மாதம் உன்னைப் படிக்கட்டில் நிற்க வைத்துவிட்டேன். கோபத்தில் இல்லை. ஏன் என்று முழுக்கச் சொல்கிறேன்.

செல்வக்குமார் அன்றைக்கு எழுதியது இதுதான்: ‘அண்ணே, இந்தப் பாலம் நமக்கு. நான் எஸ்டிமேட்டுக்கு மேல ஒன்பது பெர்சன்ட். மத்த ரெண்டு பேரும் பதினாலு, பதினாறு. நீங்க பத்தொன்பது போடுங்க. அடுத்த வேலை உங்களுக்கு.’ தாளைக் கிழித்துக்கொண்டு போனார். ஆனால் அழுத்தி எழுதுகிற கை. அடியில் இருந்த தாளில் எழுத்தெல்லாம் பள்ளமாகப் பதிந்திருந்தது. மரத்தில் குறிபோடும் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தேன். ஒவ்வொரு வரியாக வெள்ளையாக எழுந்து வந்தது.

அதை என்ன செய்வதென்று தெரியாமல் பீரோவில் வைத்திருந்தேன். என்னைத் தள்ளிவிட்டார்கள் என்றதும், பாலம் செல்வக்குமாருக்குத்தான் போகும் என்று புரிந்தது. அவர் கட்டினால் எப்படிக் கட்டுவார் என்பது எட்டு வருஷம் கூட இருந்த எனக்குத் தெரியும். உன் கடிதம் வந்த மறுநாள் நானும் சித்தார்த்தும் மதுரைக்கு பஸ் ஏறினோம். அங்கே இந்த டெண்டரைப் பார்க்கிற மேற்பார்வைப் பொறியாளர் ஒரு அம்மா. தாளை மேசையில் வைத்தேன். அவர் விளக்கைச் சாய்த்து நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒரு காகிதத்தில் எழுதி என் பக்கம் திருப்பினார்: ‘உங்கள் உறுதிமொழி பொய். உங்களை எப்படி நம்புவது?’

“பொய்தாங்கம்மா” என்றேன். என் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறதென்று எனக்குத் தெரியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். சித்தார்த் மெதுவாகப் பேசும்படி கையைத் தாழ்த்திக் காட்டினான். “அது பொய்தான். அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க. இந்தத் தாளு பொய்யா நெசமான்னு விலை உறையத் தொறந்தா தெரிஞ்சுரும்” என்றேன்.

அந்த அம்மா தாளை உறையில் போட்டு அரக்கு வைத்தார். அதற்குள் தேர்தல் வந்து எல்லாம் நின்றது. உறை திறக்கும்வரை துறையைச் சேர்ந்த எவரிடமும் பேசவோ எழுதவோ கூடாது என்று எழுதிக் கொடுத்தார். ‘தங்கச்சிக்கும் கூடாதா?’ என்று நான் கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ‘அவருக்குத்தான் முக்கியமாக’ என்று எழுதினார்.

அப்போதுதான் உன் நாலு வரிக் கடிதங்களெல்லாம் எனக்கு விளங்கின.

ஜூன் கடைசியில் உறையைத் திறந்தார்கள். ஒன்பது, பதினாலு, பதினாறு. தாளில் இருந்தபடியே. நான் மறுத்ததை அவர்கள் பொருட்படுத்தவில்லை போலிருக்கிறது. டெண்டரை ரத்து செய்துவிட்டார்கள். மூன்று பேர்மீதும் விசாரணை நடக்கிறது. எனக்கும் ஒரு வருஷம் பதிவு நிறுத்தம். நியாயம்தான்.

இன்னொன்று. நீ சித்தார்த்தைத் திட்ட வேண்டாம் என்று எழுதியிருந்தாய். அவன் அந்தக் கட்டத்தில் கையை நிறுத்தி, “அப்பா, அத்தை இருக்காகளே” என்று சிலேட்டில் எழுதினான். ‘இல்லை’ என்று போடச் சொன்னது நான்.

ஏனென்றால், வரைபடத்தை விரித்த முதல் நாளே மூலையில் இருந்த குறிப்பில் உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டேன். ‘த’வுக்கு வால் நீட்டிப் போடுவது ஆறாம் வகுப்பிலிருந்து உன் வழக்கம். என் தங்கச்சி வரைந்ததை நான் கட்ட வேண்டும். அதற்குமேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை. உண்டு என்று போட்டால் தள்ளிவிடுவார்களோ என்று பயந்தேன். அதற்காகத் தங்கச்சியே இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். நீ அண்ணன் உண்டு என்று எழுதிக் கொடுத்திருக்கிறாய், அதுவும் எனக்கு முன்னாலேயே. உன் கடிதத்தில் அந்த வரியைப் படித்துவிட்டு நான் பட்ட வெட்கத்தை உனக்கு எப்படிச் சொல்வேன்.

பாண்டீஸ்வரியிடம் வெள்ள மட்டத்தைப் பற்றி நீ எழுதியதைக் காட்டினேன். படித்துவிட்டுக் கடிதத்தை வாங்கித் தன் துணிகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள்.

உன் அண்ணன்,
சங்கிலி

&nbsp;

சென்னை,
29 ஜூலை 2024

அண்ணே,

தபால்காரர் இன்று கையை விரிக்கவில்லை. படிக்கட்டிலேயே உட்கார்ந்து படித்தேன். ஆபீஸுக்கு ஒன்றரை மணி நேரம் தாமதம். கேட்டவர்களிடம் அண்ணன் கடிதம் வந்தது என்றேன்.

சனிக்கிழமை வருகிறேன். இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை. மதினியிடம் கருவாட்டுக் குழம்பு வைக்கச் சொல்லுங்கள். மற்றதை நேரில் எழுதிக் காட்டுகிறேன்.

வாணி

&nbsp;

வடகாட்டுப்பட்டி,
2 நவம்பர் 2025

அன்பு வாணி,

நாங்கள் சுகம். தீபாவளிக்கு நீ வந்துபோனபின் மழை பிடித்துக்கொண்டது. பவதாரிணிக்குக் காய்ச்சல் விட்டதா?

நீ பார்க்காமல் போனதை எழுதுகிறேன். மறு டெண்டரில் வேலையை எடுத்த உசிலம்பட்டிக்காரர் நல்ல மனுஷர் என்பது உனக்குத் தெரியும். நான் அவரிடம் கூலிக்குத்தான் நின்றேன். ஆனால் கான்கிரீட் போட்ட ஒவ்வொரு நாளும் அங்கே நின்றேன். வைப்ரேட்டர் சத்தத்துக்குப் பயப்படாத ஒரே ஆள் நான்தானே.

நேற்று முன்தினம் உப்போடையில் தண்ணீர் வந்தது. காலை பத்து மணி இருக்கும். முதலில் மணல் கறுத்தது. பிறகு நுரை. பிறகு கரைக்குக் கரை செம்மண் தண்ணீர். சனம் பூராவும் குடையோடு பாலத்தில் நின்று பார்த்தது. நீ போட்ட கோட்டுக்கு இரண்டடி கீழேயே நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிட்டு, நேரமாகிவிட்டதென்று ஓடின. அவ்வளவுதான். யாருக்கும் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

கூட்டம் கலைந்தபின் பாண்டீஸ்வரி வந்தாள். நடுக்கண் வரைக்கும் தனியாக நடந்துபோய் நின்றாள். நான் கூடப் போகவில்லை. திரும்பி வந்து, என் உள்ளங்கையில் விரலால் எழுதினாள்: ‘அக்கரைக்குப் போய் அரிசி அரைச்சுட்டு வாரேன்.’ வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றேன். பாலத்துக்கு அடியில் ஓடை ஓடுவது உள்ளங்கால் வழியாக ஏறி வந்தது. இரண்டு வருஷத்தில் நான் கேட்ட முதல் சத்தம். நேற்றும் இன்றும் போய் நின்றேன். சைக்கிள் போனால் ஒரு மாதிரி, மாட்டு வண்டி போனால் வேறு மாதிரி. திருமங்கலத்திலிருந்து மினி பஸ் நேற்றிலிருந்து பாலத்தைத் தாண்டி நம் தெருமுனை வரை வருகிறது. அது முதல் கண்ணில் ஏறும்போதே எனக்குத் தெரிந்துவிடுகிறது.

அடுத்த தடவை அதில் வா. முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். நான் பாலத்தில்தான் நிற்பேன்.

உன் அண்ணன்,
சங்கிலி